கமர் ஜஹான் போட்ட கொக்கி

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் கமர் ஜஹான் காலித் தோட்டாவை மோந்து பார்ப்பார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, காபிப்பொடிக் கடை வாசலில் நிற்பவரைப் போல ஓர் இழுப்பு. அப்புறம் அதன் விளிம்பில் நகத்தை ஓட்டுவார். "துப்பாக்கி கெடக்குது. மொதல்ல இது இன்னா சொல்லுதுன்னு கேக்கணும்" என்பார். மோந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு நாள் கேட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வாஸ்தவம்தான்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் அவருடைய பட்டறை. உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, கதவுக்கு இரட்டைப் பூட்டு. போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு அவரவர் தோளுக்கும் கைக்கும் தகுந்தபடி துப்பாக்கி அமைத்துக் கொடுப்பார், பழுதும் பார்ப்பார். எதிர் மாடியில் குடியிருக்கும் எனக்கு, சாயங்காலமானால் அங்கே போய் அவர் வாயைக் கிளறாவிட்டால் தலை வெடித்துவிடும். டீ கிடைக்கும். துப்பாக்கியைத் தொட மட்டும் விடமாட்டார்.

தரையில் எப்போதும் ஒரு வெள்ளை விரிப்பு. மருந்தில்லாத பொய்த் தோட்டாவைப் போட்டு, தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் இரும்புத் தண்டான போல்டைப் பின்னுக்கு இழுப்பார். தோட்டா எகிறி எங்கே விழுகிறது என்று முட்டி போட்டுப் பார்ப்பார். காலடியில் சோம்பலாக விழுந்தால் முகம் சுளிக்கும். வலப்பக்கம் துள்ளிப் போய் விழுந்தால் "மாஷா அல்லாஹ்" என்று அதைத் தடவிக்கொடுத்து எடுப்பார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார், தன் கையால் செய்ததை மட்டும் சந்தேகப்படமாட்டார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஸ்நேஹா வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், வங்கியில் வேலை. அவள் துப்பாக்கி கமர் ஜஹான் அமைத்தது. சுட்டபின் காலிக் கூடு வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறதாம். குச்சி விட்டுக் குத்தி எடுப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. போன முறை மயிரிழையில் கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் துப்பாக்கியை விற்றுவிடுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

கமர் ஜஹான் மோந்தார், நகத்தை ஓட்டினார், தீர்ப்பு சொன்னார்: தோட்டா உட்காரும் குழியில் அழுக்கு. பிரஷ் போட்டு அந்தக் குழியைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். பொய்த் தோட்டாக்கள் விரிப்பில் குதியாகக் குதித்தன. ஸ்நேஹா சந்தோஷமாகப் போனாள். மறுநாள் சாயங்காலம் அழாத குறையாகத் திரும்பி வந்தாள். நிஜத் தோட்டா மறுபடியும் மாட்டிக்கொண்டதாம்.

"ஆண்ட்டி, கொக்கியா இருக்குமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கொக்கி என்பது போல்டின் முனையில் இருக்கும் சின்னப் பல். தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுப்பது அதுதான். இந்தத் துப்பாக்கிக்கு அதை அரத்தால் ராவிப் பொருத்தியவர் கமர் ஜஹான்.

"கொக்கி நான் போட்டது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. மறுபடியும் குழியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கொக்கி நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்கவாவது அதைத் திறந்து பார்க்கலாமே என்றேன். என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அப்போது ஸ்நேஹா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கமர் ஜஹான் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஊசியை எடுத்துக் கொக்கியின் அடியில் விட்டார்.

மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்தது. காய்ந்த கிரீஸாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் குழைத்து மோந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னாமா, துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சியா?"

பாதுகாப்புக்காக வீட்டில் போல்டைக் கழற்றித் தனியாக வைப்பது ஸ்நேஹாவின் வழக்கம். ஆயுத பூஜையன்று அம்மா ஜானு, ரெண்டாக இருக்கிறதே என்று துப்பாக்கிக்கு ஒன்று, போல்டின் மூக்குக்கு ஒன்று என்று சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். இவள் ஈரத்துணியால் துடைத்ததில் சந்தனம் கரைந்து கொக்கிக்கு அடியில் போய், எண்ணெயோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. கொக்கி அரைகுறையாகத்தான் கவ்வியிருக்கிறது. லேசாக உட்காரும் பொய்த் தோட்டாவுக்கு அது போதும். சுட்டபின் உப்பி, சுவரைப் பிடித்துக்கொள்ளும் நிஜக் கூட்டுக்குப் போதாது.

சுத்தம் செய்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு மூவரும் சுடும் மைதானத்துக்கே போனோம். ஒரு கூடுகூட மாட்டவில்லை. எல்லாம் வலப்பக்கம் துள்ளி விழுந்தன. என் கொக்கிக்கு ஒன்றுமில்லை என்று கமர் ஜஹான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பட்டறைக்குத் திரும்பியபின்தான் ஸ்நேஹாவுக்குக் கோபம் வந்தது. அம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"நான் செலக்ட் ஆகணும்னு வேண்டிண்டு வெச்சாளாம். அவளாலயே எல்லாம் போயிருக்கும். ஆத்துக்குப் போற வரைக்கும்கூடப் பொறுக்க முடியாது, இப்பவே கேக்கறேன்."

"போனை வைம்மா" என்றார் கமர் ஜஹான்.

துப்பாக்கியை வாங்கி மடியில் கிடத்தினார். தோளில் பதியும் மரக்கட்டையில், மாதக்கணக்கில் எண்ணெய் ஏற்றிப் பளபளவென்று அவரே இழைத்த இடத்தில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். ஸ்நேஹாவின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"அம்மாவாண்ட சொல்லு, அடுத்த வருஷம் பொட்டு இங்க வெக்கணும்னு" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்து, கட்டைவிரல் பதிகிற அளவுக்கு அந்த வட்டத்தைக் குடைய ஆரம்பித்தார்.