எழவு வீட்டுக்கு எடுத்த போன்

குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் உதயசூரியன் என்று ஒரு ஆள். பெயருக்குத்தான் சூரியன், எழுந்திருக்க எட்டு மணி ஆகிவிடும். கொஞ்சம் நிலம் உண்டு, அதில் பாதி கருவேலம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார், ஒட்டவில்லை. கொத்தனாருக்குக் கையாளாகப் போனார், ஒட்டவில்லை. மாட்டுத் தரகு பார்த்தார், மாடுகளுக்கே அவரைப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒட்டியது ஒரே வேலை. ஊரில் யார் செத்தாலும் தலைமாட்டில் நின்று போனைப் பிடிக்கிற வேலை.

வீட்டுக்கு ஒருத்தன் துபாய், கத்தார், சிங்கப்பூர் என்று போய்க் கிடக்கிற ஊர் அது. பெற்றவள் செத்தாள் என்று லீவு கேட்டு, டிக்கெட் போட்டு வந்து இறங்குவதற்குள் சாம்பல் ஆறிவிடும். அதனால் வீடியோ கால். மற்றவர்கள் பிடித்தால் கை ஆடும், இல்லாவிட்டால் பிடித்தவரும் சேர்ந்து அழுது போனைக் கீழே போடுவார். உதயசூரியனுக்கு அழுகையே வராது. சொந்த அப்பன் செத்தபோதே வரவில்லை. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பதிலிருந்து கொள்ளி வைப்பது வரை நட்ட கல்லாக நிற்பார். "உதயசூரியனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் கொட்டுக்காரர்களுக்கே சொல்லி விடுவார்கள். வேறு எதற்கும் அவரை யாரும் தேடியதில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கூட மனைவி ராசாத்தி கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவருடைய போன் பழசு. அதில் எல்லா மூஞ்சிக்கும் ஒரே சாம்பல் நிறம். கோடித்துணி கொண்டு வருவது தாய்மாமனா, வழிப்போக்கனா என்று தெரியாது.

"சித்தப்பு, காலடியில கெடக்குறது எங்க அக்காவா, சாக்கு மூட்டையா?" என்று கடல் தாண்டிக் கத்துவார்கள்.

ஒரு சாவில் இது முற்றிப் போனது. அருள்மணி என்ற இளவட்டம் புது போனோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"நகருங்க மாமா, நான் காட்டுறேன். ஒங்க போன்ல பாத்தா உசுரோட இருக்கவுகளும் பொணமாத்தான் தெரியுறாக."

எழவு வீடென்றும் பாராமல் கூட்டம் சிரித்தது. உதயசூரியனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. புது போன் எடுப்பதா, இருக்கிற ஒரே மரியாதையை அந்தப் பயலிடம் விட்டுவிடுவதா? ராசாத்தியிடம் கேட்டார்.

"எழவு வீட்டுக்குப் போறதுக்குத் தவணையில போனா? பாத்ரூம் கதவு ஒரு வருசமாத் தொங்குது. அதுக்கு ஒரு கீல் வாங்கியார ஒங்களுக்குக் காலு வரல."

"ஊருசனம் கிளியரா இல்லேங்குதுடி."

"ஊருசனத்துக்கு எல்லாம் கிளியராத் தெரிஞ்சா என்னா ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அவர் யோசித்துச் செய்த காரியம் எதுவும் கிடையாது. புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். கடையில் நின்ற பெண் மெமரி, பேட்டரி, கேம் என்று அடுக்கினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் பாப்பா. ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள்ள இருக்கவுக மூஞ்சி தெளிவாத் தெரியுமா?"

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. "கண்ணாடி வெளிச்சம் அடிக்காதுங்கய்யா. சூப்பராத் தெரியும்."

பழைய போனைக் கழித்துக்கொண்டு புதுசைக் கொடுத்தார்கள்.

இனி ஒரு சாவுதான் பாக்கி. உதயசூரியன் ஊரில் வயசானவர்களைத் தேடிப் போய் நலம் விசாரிக்கத் தொடங்கினார்.

"மதினி, இருமல் எப்புடி இருக்கு?" என்று பிச்சையம்மாளிடம் அக்கறையாகக் கேட்டார்.

"என்னா கொழுந்தனாரே, போனுக்கு சார்ஜ் ஏத்தியாச்சா?" என்றாள் அவள்.

அந்த மாசமே பிச்சையம்மாள் போய்ச் சேர்ந்தாள். இளைய மகன் ரகுநாத் கத்தாரில் இருந்தான். மூத்த மருமகள் பரிமளா பெட்டி மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். உதயசூரியன் புது போனை நீட்டினார்.

"பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு சித்தப்பு," என்று ரகுநாத் விம்மினான். "ஆத்தாவக் காட்டுங்க. அண்ணியக் காட்டுங்க. கிட்ட போங்க. இன்னுங் கிட்ட."

உதயசூரியன் கிட்டப் போனார். இதற்குத்தானே வாங்கியது.

விம்மல் நின்றது. "அண்ணி கட்டியிருக்கது, பொங்கலுக்கு ஆத்தாவுக்குன்னு நான் அனுப்புன சீலையில்ல?"

ஒப்பாரியும் நின்றது. பரிமளாவின் கன்னத்தில் உப்பியிருந்தது துக்கம் அல்ல, உளுந்த வடை.

"அத்தைதான் கட்டிக்கன்னு குடுத்துச்சு, தம்பி!"

"அது எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப்போவுது? கண்ணுல பொட்டுத் தண்ணியக் காணோம். வாயில என்னா அது?"

பரிமளா போனை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நீங்க மட்டும் என்னாவாம்? பின்னாடி தட்டுல கோழிக்காலு தெரியுது. பெத்தவளப் பெட்டியில வச்சிருக்கயில ஒங்களுக்குப் பிரியாணி கேக்குதா?"

"அது ரூம்ல இருக்க பையனோடது!"

"கையி ஒங்களோடதுதான? வழிச்சு விடுங்க, எண்ணெ வடியுது!"

கூட்டம் மொத்தமும் எக்கி எக்கித் திரையைப் பார்த்தது. பிச்சையம்மாளைப் பார்க்கத்தான் ஆளில்லை. பங்காளிகள் சீலைக் கட்சி, பிரியாணிக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். நீர்மாலைக் குடம் வந்து வாசலிலேயே காத்துக் கிடந்தது. உதயசூரியன் போனை இறக்கவே இல்லை. அணை என்று யாரும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே பெண்கள் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து பங்காளி ரெங்கசாமி செத்தார். கொட்டுக்குச் சொன்னார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். உதயசூரியனுக்குச் சொல்ல ஆள் வரவில்லை. கொட்டுச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வந்தது. அவர் போனைத் துடைப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"எம்புட்டு நேரம் அதையே தொடைப்பீங்க?" என்றாள் ராசாத்தி. "வேட்டியக் கட்டிக்கிட்டுப் போங்க. தொரத்துனா வந்துருங்க."

போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி அவர் சட்டைப்பையைப் பார்த்தார்கள். அருள்மணியைத் தெருமுனையிலேயே மடக்கி உட்கார வைத்திருந்தார்கள். அவன் போன் இதைவிடக் கிளியர். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ரெங்கசாமியின் மகன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பனைக் காட்டாமல் தூக்க முடியாது. காட்டினால் என்ன வெடிக்குமோ என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உதயசூரியன் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார்.

சிங்கப்பூர்க்காரனின் மனைவி சொர்ணம் எழுந்து வந்தாள்.

"குடுங்க மாமா."

போனை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். தன் வகிட்டில் விரலை அழுத்தித் தேய்த்து, அந்த எண்ணெயைக் கேமரா மேல் வட்டமாகப் பூசினாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு தடவை பூசினாள்.

"இப்பப் புடிங்க."

கொடுத்துவிட்டுப் போய் மாமனார் காலடியில் விழுந்து கதறினாள். மற்றவர்களுக்கும் தைரியம் வந்து அழுகை வந்தது. உதயசூரியன் தலைமாட்டுக்குப் போனார். வழிவிட்டார்கள். சிங்கப்பூருக்குக் கால் போட்டுப் போனைப் பிடித்தார்.

"சித்தப்பு, புது போன்னாங்க? ஒண்ணுமே தெரியலையே. எல்லாம் கலங்கலா இருக்கு."

"நீ அழுவுறேல்ல, அதான்," என்றார் உதயசூரியன். "கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பாருடா தம்பி."

திரையில் அவன் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்தான். சிங்கப்பூர்ப் பக்கத்துக் கேமராவில் எண்ணெய் இல்லை. கண் காய்ந்துதான் கிடந்தது.