வேதாந்தத்தின் ஏழு

கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன் வேதாந்தம் அதைக் காதருகே வைத்து இரண்டு முறை குலுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கடகடத்தால் அன்றைக்குப் பாட்டு கிடையாது. கடகடக்காவிட்டால் மின்விசிறியை நிறுத்துவார். மே மாதமாக இருந்தாலும் நிறுத்துவார். "ஃபேன் ஓடினா ஆர்கன்காரன் மூச்சு விடறது கேக்காது" என்பார். மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் பின்னறையில், ஞாயிறு காலை பத்து மணிக்கு வியர்வையைத் துடைக்காமல் இருபத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருகாலத்தில் பதினோரு பேர். இந்த 1997இல் என்னையும் சேர்த்து நாலு பேர். மற்றவர்கள் அமெரிக்காவில் ஏ.சி. போட்டுக்கொண்டு எதைக் கேட்கிறார்களோ தெரியவில்லை.

கேட்பது சால்ட் மெரிடியன் என்ற இங்கிலாந்து ராக் குழுவை. ஐந்து பேர். எழுபதுகளில் நாலு இசைத்தட்டுகள் போட்டார்கள், சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள், அப்புறம் ஆளாளுக்குத் தனியாகத் தட்டு போட்டார்கள். இவர்களுடைய பாட்டு மூன்று நிமிஷத்தில் முடியாது. தாளம் நாலு நாலாக நடக்காது. ஐந்து, ஏழு என்று நொண்டும். மூன்றாவது தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பின்னறையில் அதற்குப் பெயர் 'பெரிய பாட்டு'. அதன் பதினாலாவது நிமிஷத்தில் கிடாரில் ஒரு சின்னத் துணுக்கு வரும். வந்தது அப்படியே ஏழு தடவை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கட்டையில் தட்டினாற்போல ஒரு 'டக்'. ஏழாவது முடிந்ததும் ஆர்கன் வாத்தியம் வெள்ளம்போல உள்ளே வரும்.

வேதாந்தத்தின் சொத்து இந்த ஏழுதான். வயது நாற்பத்தாறு, திருமணம் இல்லை. தேனாம்பேட்டையில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடக்காரர். போன வருஷம் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. வேதாந்தத்தின் வரைபலகையை மாடிப்படிக்கு அடியில் சாய்த்துவைத்துவிட்டு, பழைய வரைபடங்களுக்கு எண் போடும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். வீட்டில் முன்னறை தங்கை ஹம்சாவுடையது. அங்கே அவள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். குடும்பமே கர்நாடக சங்கீதம். அதை விட்டுத் தப்பி ஓடிய வேதாந்தம், ஓடிய இடத்திலும் தாளம்தான் போட்டார். துணுக்கு ஒன்றுக்கு ஐந்து அட்சரம், அதாவது ஐந்து எண்ணிக்கை. ஏழு தடவைக்கு முப்பத்தைந்து. அடுத்து வரும் ஆர்கன் மிஸ்ர சாபு, அதாவது ஏழு. ஆகவே ஐந்து சுற்று ஆவர்த்தனம் முடிந்து, தாளம் தொடங்கும் சமத்தில் கச்சிதமாக விழுகிறது. இதை எட்டுப் பக்கக் கட்டுரையாக எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, நாற்பது பேருக்கு அனுப்பினார். கணக்கில் பிழை இல்லை. ஐந்தையும் ஏழையும் யார் பெருக்கினாலும் முப்பத்தைந்துதான்.

ஹம்சா மட்டும் மசியவில்லை. "ஒரே சங்கதிய ஏழு தரம் பாடினா எங்க வாத்தியார் தலையில குட்டுவார்" என்றாள்.

"அதான் நீங்கள்ளாம் இன்னும் இங்கயே இருக்கேள்" என்றார் வேதாந்தம், அதே வீட்டில் இருந்துகொண்டு.

ஏழிலிருந்து ஒரு சித்தாந்தமே பிறந்தது. குழுவாக இருந்தபோதுதான் அந்த ஐந்து பேரும் மேதைகள். தனித்தனியாகப் போட்டதெல்லாம் குப்பை. "தனியா ஒருத்தனுக்கு ஏழு தரம் சொல்ல தைரியம் வருமோ? ரெண்டு தரத்துல பயந்துடுவான். அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் அந்தப் பிடிவாதம் வரும்" என்பார். அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் பையன்கள் அந்தத் துணுக்கை ஏழு தடவை வாசித்து முதல் பரிசு வாங்கினார்கள். பையன்களிடம் இருந்த நகல் வேதாந்தத்தின் கேசட்டுக்கு மகன், நடுவர்களிடம் இருந்த நகல் பேரன். 1981இல் அடையாறில் யாரோ ஒருவர், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒரு மத்தியானத்துக்குத் தட்டை இரவல் வாங்கிப் பதிந்து கொடுத்தது வேதாந்தத்தின் அந்தக் கேசட். தட்டை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

எதிர்க்கட்சி, அறிவு என்பவர். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்தவர், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மைக்செட் போடுகிறவர். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே தேடித்தேடி, ஐந்து பேரும் தனியாகப் போட்டவற்றில் ஒன்பது ஒரிஜினல் கேசட்டுகள் சேர்த்திருந்தார். வேறு யாரிடமும் இல்லாதவை. கிடாரிஸ்ட் தனியாகப் போட்ட இரண்டாவது கேசட்டுக்காகப் பன்னிரண்டு வருஷம் வாதாடினார்.

"இன்னா அய்ரே, அந்தாளு தனியா குந்திக்கினு அயுவுறான், அது உன் காதுல வியலையா?"

"ஐயர் இல்லப்பா, ஐயங்கார்."

"அதான் அய்ரே, சொல்றேன். கும்பல்ல எவனும் அயுவ மாட்டான். தனியாத்தான் அயுவான்."

"அழுகை எத்தனை அட்சரம்? சொல்லு."

இப்படித்தான் அறிவு ஒவ்வொரு ஞாயிறும் ஏழில் வந்து தோற்றுவிட்டு, ஹம்சா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுப் போவார்.

இந்த ஜூனில் அறிவு கட்சி மாறினார். நந்தனத்தில் ஒரு மைதானத்தில் ஏதோ விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிவிட்டு, சோதித்துப் பார்க்கக் கையில் கிடைத்த பெரிய பாட்டைப் போட்டாராம். காலி மைதானம், நாலு பெரிய பெட்டி, தூறல். "ஏயாவது தபா வரச்சொல்லோ ஒடம்பு சிலுத்துக்கிச்சு, நைனா. நீ சொன்னது கரீக்ட்டு. தனியா போட்டதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வேதாந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜூலையில் வேதாந்தத்தின் மருமான் பரத்வாஜ் அமெரிக்காவிலிருந்து வந்தான். மாமாவுக்குப் பிடிக்குமே என்று மூன்றாவது தட்டின் சி.டி. வாங்கி வந்திருந்தான். வீட்டில் சி.டி. போட வழியில்லை. அவரும் நானும் பாண்டி பஜாரில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனோம். வேதாந்தம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினாலாவது நிமிஷம்வரை கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்தார். பின்னால் ஓட்டிக் கேட்டார், மறுபடியும் ஓட்டிக் கேட்டார், ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். துணுக்கு ஒரே ஒரு தடவை வந்தது. 'டக்' இல்லை. ஆர்கன் தன்பாட்டுக்கு வந்துவிட்டது.

"வேற எடிஷனோ என்னமோ" என்றார் கடையில். பஸ் தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது, சன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த இரவல் தட்டுல கீறல். ஊசி மாட்டிண்டு அங்கயே சுத்தியிருக்கு. அவ்வளவுதான்" என்றார். இறங்கும்போது, "அறிவுகிட்ட நானே சொல்லிக்கறேன். நீர் வாயத் திறக்கப்படாது."

அந்த ஞாயிறு அறிவு உற்சாகமாக வந்தார். ஆடி பிறந்துவிட்டது, அம்மன் கோயில்களில் மைக்செட்டுக்கு ஓய்வில்லை. "நாலு கேசட்ட அயிச்சு அம்மன் பாட்டு ஏத்திட்டேன். ஃபாரின் டேப்பு, ஸோக்கா புடிக்குது."

"எந்த நாலு?"

"ஆர்கன்காரன் மூணு, டிரம்மு ஒண்ணு."

வேதாந்தம் கேட்டார்: "எதுக்குப்பா அழிச்சே?"

"நீதானே குப்பைன்ன."

"அதுக்காக அவசரப்படணுமா?" என்றவர், சட்டென்று எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். பெரிய பாட்டு ஓடியது. ஏழு தடவை வந்தது. அறிவு கண்ணை மூடித் தலையாட்டினார். வேதாந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மேலும் இரண்டு போயிருந்தன. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேதாந்தம் எனக்குப் போன் செய்து, "நாளைக்குச் சொல்லிடறேன்" என்பார். மூர் மார்க்கெட் இல்லை. அந்தக் கேசட்டுகள் இனி எங்கும் கிடைக்காது. அது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆடி நாலாவது ஞாயிறு அறிவு சட்டைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். கிடாரிஸ்ட் தனியாகப் போட்ட இரண்டாவது. அட்டையில் இருந்த முகம் வெளுத்துப் போயிருந்தது. "இதான் கடைசி. எங்க வூட்டாண்ட கோயிலுக்கே கேக்குறாங்கோ. செல்லோடேப் கீதா அய்ரே?"

ஒரிஜினல் கேசட்டின் முதுகில் இரண்டு சிறிய ஓட்டைகள் இருக்கும், தவறிக்கூட யாரும் அதன்மேல் பதிந்துவிடக்கூடாது என்று. அவற்றை ஒட்டி மூடினால்தான் பழையதை அழித்துப் புதியதை ஏற்ற முடியும்.

"அறிவு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் வேதாந்தம். அவர் இந்த முறை 'ஐயர் இல்லப்பா' என்று சொல்லவில்லை.

"சொல்லு."

முன்னறையில் ஒரு குழந்தை சரளி வரிசையைத் தப்பாகப் பாடியது. ஹம்சா திருத்தினாள்.

"அந்த ஏழு இருக்கே..."

"அத்த இன்னும் எனுக்குச் சொல்லணுமா? பன்னெண்டு வருசமா உன்னாண்ட தோத்துக்கினே இருந்தேன். மன்சே ஆறல. இப்ப ஒத்துக்கினப்பால, ராத்திரி படுத்தா தூக்கம் வருது, நைனா."

வேதாந்தம் அலமாரியைத் திறந்தார். வரைபட வேலைக்கு வைத்திருந்த டேப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்தார். கண்ணாலேயே அளந்து இரண்டு துண்டுகள் வெட்டினார். கேசட்டை அறிவின் கையிலிருந்து வாங்கி, ஓட்டைகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார். பிறகு அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இடது ஓட்டையின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு சிறு காற்றுக் குமிழியைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக வெளியே தள்ளினார்.