அப்பா கேட்ட அவசரம்

அப்பா வாசலுக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தும்மல் வந்துவிடும். சாலைக் கடைத்தெருவில் ஒரு வற்றல் மிளகாய் மண்டியில் நாளெல்லாம் நின்றவரின் சட்டைக் காரம் அவருக்கு முன்னால் படியேறி வரும். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாங்கள் குடிவந்தபோது நான் சின்னப் பிள்ளை என்பதால் மலையாளம் பள்ளியிலேயே ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கோ கடையில் புழங்கிய நாலு வார்த்தைதான். தராசில் வற்றலை அள்ளிப் போடும்போது வாங்க வந்தவர் "மதி, மதி" என்றால் போதும் என்று அர்த்தம், அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் வீட்டில் ஒரே பேச்சு, அடுத்து என்ன குரூப் எடுப்பது என்பதுதான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் மாட்டு டாக்டர், இன்னொரு நாள் பத்திரிகைக்காரி, மழை பெய்து கரண்ட் போய்விட்டால் எதுவுமே வேண்டாம், தூங்கினால் போதும். அய்யோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

வகுப்பு டீச்சர் அப்பாவை வரச்சொன்னார். நான் வராந்தாவில் நின்றேன். போன வேகத்தில் அப்பா வெளியே வந்தார், முகமெல்லாம் வியர்வை. "ஏட்டி, எல்லாத்துலயும் அவசரம் இருக்காம். யோசிச்சது போதும்னு டீச்சரே சொல்லிட்டாவ. வா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அலுவலகத்தில் சயன்ஸ் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். டீச்சரே சொன்ன பிறகு நான் என்ன பேச? யாரோ முடிவெடுத்துத் தந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பள்ளி திறந்ததும் டீச்சர் என்னை சயன்ஸ் வகுப்பு வாசலில் பார்த்து முகம் சுளித்தார். "எல்லாத்திலும் அவசரமுண்டு, ஆலோசிச்சிட்டு மதி என்னல்லே ஞான் அச்சனோடு பறஞ்ஞது?" மலையாளத்தில் "அவசரம்" என்றால் வாய்ப்பு. இவளுக்கு எதிலும் வாய்ப்பு உண்டு, நிதானமாக யோசித்த பிறகு சேர்த்தால் போதும் என்றுதான் அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்; அதை அப்படியே தலைகீழாகக் கேட்டுக்கொண்டு அப்பா ஓடியிருக்கிறார். வேண்டுமானால் இப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே. நீ என்ன ஆவணும்னு சொல்லுட்டி, நாளைக்கே போயி மாத்திட்டு வாரேன்" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "சொல்லுட்டி" என்பார். நான் "யோசிக்கேன்ப்பா" என்பேன். அப்படியே மாற்றுவதற்கான நாளும் போய்விட்டது.

இப்போது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. மோசமில்லை, பிடித்திருக்கிறதா என்று கேட்டால்தான் முழிப்பேன். நேற்று மேனேஜர் கூப்பிட்டு, பெங்களூரில் வேறு மாதிரி வேலை ஒன்று இருக்கிறது, போகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்றார். நேரே வீட்டுக்கு வந்தேன். அப்பா மண்டியை விட்டு வெகுகாலம் ஆகிறது. மலையாளப் பேப்பரை எழுத்து விடாமல் படிக்கிறார். வாசலில் இப்போது தும்மல் வருவதில்லை.

"அப்பா, ஒரு அவசரம்" என்றேன்.

பேப்பரை இறக்கினார். "எந்த அவசரம்ட்டி? நம்மூருதா, இங்க உள்ளதா?"

"ரெண்டும்தான்ப்பா."

பேப்பரை மடித்து மடியில் வைத்தார். பிறகு அந்த டீச்சர் சொன்ன அதே வார்த்தையை, துளி பிசகாமல் சொன்னார்: "அப்ப, ஆலோசிச்சிட்டு மதி."

"யோசிக்கேன்ப்பா" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பென்றால் மிளகாய் நெடி மேல் பழியைப் போட்டிருப்பேன்.