கைராசிக்காரர் பெயரில் ஒரு போன்

"இந்தம்மா யாருங்க மேடம்?" என்று ஆடிட்டர் கேட்டபோதுதான் அந்தச் சீட்டை நானும் ஒழுங்காகப் படித்தேன்.

விழுப்புரத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது அவருடைய ஆபீஸ். மாதக் கடைசியில் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப்போய், மஞ்சள் பையிலிருக்கும் பில்களை அவர் மேசையில் கொட்டுவது என் வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் என் தம்பியும்தான் டைரக்டர்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வாங்கி, உடைத்து, பருப்பைத் தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிறோம். வியாபாரிகள் இப்போதெல்லாம் போட்டோவைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். எங்கள் பழைய போனில் எடுத்தால் எவ்வளவு நல்ல பருப்பும் பூசணம் பிடித்த மாதிரியே தெரியும். அதனால் கம்பெனிக்கென்று கேமரா நன்றாக உள்ள ஒரு போன் வாங்கினோம். அதைக் கம்பெனி செலவில் காட்டத்தான் பில் கொண்டுபோயிருந்தேன்.

பில்லில் கம்பெனி பெயர் இல்லை. என் பெயரோ தம்பி பெயரோ கூட இல்லை. எங்களிடம் பருப்பு பொறுக்கும் அக்காவின் பெயர் இருந்தது.

அந்த அக்காவுக்குக் கைராசி. சீசனில் முதல் மூட்டையை அவர்தான் தைப்பார். எடை மெஷின் வாங்கியபோதும், உடைக்கும் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோதும், பணத்தை அவர் கையில் கொடுத்துத்தான் கடைக்காரரிடம் நீட்டச் சொன்னோம். இரண்டும் இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. அவர் லீவில் இருந்த நாளில் தம்பி தானே போய் வாங்கிவந்த டேபிள் ஃபேன் ஒரே வாரத்தில் புகைந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

போன் கடைக்கும் அவரைத்தான் கூட்டிப்போனேன். பணத்தை நீட்டியவர் அவர். பில் போட்ட பெண் அவரிடமே பெயரும் நம்பரும் கேட்டிருக்கிறாள், அவரும் சொல்லியிருக்கிறார். நான் அந்த நேரத்தில் பின்பக்கக் கவருக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கைராசின்னு கணக்குல தனித் தலைப்பு கெடையாதே மேடம்" என்றார். பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாததால் அந்த வரி திரும்பக் கிடைக்காது. மற்றபடி, கம்பெனிக்காகத்தான் வாங்கினேன், பணம் கம்பெனி கொடுத்தது என்று அந்த அக்கா ஒரு லெட்டரில் கையெழுத்துப் போட்டால், பில்லோடு சேர்த்துக் கணக்கில் கொண்டுவந்துவிடலாம் என்றார். நான் எழுந்தபோது, "காகிதப்படி அது அவங்க போனுங்க. கையெழுத்து போட மாட்டேன்னா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

திண்டிவனம் வரும்வரை அந்த வார்த்தையையே மென்றுகொண்டு வந்தேன். எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கும் புத்தி. போட மாட்டேன் என்று சொல்வாரோ? மூட்டைக்குள் கிடந்த யாருடைய மோதிரத்தையோ கொண்டுவந்து கொடுத்த மனுஷி அவர். இருந்தாலும் ஒருவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை லெட்டரைப் படித்துக் காட்டினேன். அவர் பெயர் வரும் இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பில்லை வாங்கி, தானே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இந்த பில்ல வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டு வர்றேம்மா. நாளைக்கு கையெழுத்து போட்டுடறேன்."

எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கொடுத்தேன். தம்பி விஷயம் தெரிந்து, "கைராசி வேலைய காட்டுது பாத்தியா" என்று சிரித்தான். பால் பாக்கெட் பில்லைக்கூட ஜெராக்ஸ் எடுத்து வைக்கும் நான், இதை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அதுவும் அந்தப் புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு.

அடுத்த நாள் அக்கா தாமதமாக வந்தார். என் பக்கம் திரும்பாமல் மூலையில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டார். நான் போய் நின்ற பிறகுதான் பையிலிருந்து அதை எடுத்தார். லேமினேஷன் பண்ணியிருந்தார். பளபளவென்ற பிளாஸ்டிக்குக்குள் பில் முழுக்க ஒரே கறுப்பு. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"மெஷினுக்குள்ள வெள்ளையா தாம்மா போச்சு. சூடு பட்டதும் கறுத்துக்கினு வந்துடுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "இதை யாராவது லேமினேஷன் பண்ணுவாங்களாக்கா? இன்னாத்துக்கு?"

அவர் முறத்தைப் பார்த்தபடியே பேசினார். "மிக்சி வாங்கினேன், பில்லு புள்ள பேர்ல. பீரோ வாங்கினேன், அவரு பேர்ல. ஆடு வாங்கினதுக்கு பில்லே இல்ல. ஆதாருல பேரு இருக்குது, அது எல்லாருக்கும் தான் இருக்குது. வாங்குனவங்கன்னு போட்டு என் பேரு வந்தது இதுல தான். போனு உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா? வூட்ல ஒரு தபா காட்டலாம்னு எடுத்துக்கினு போனேன். இந்தச் சீட்டு நாளாவ நாளாவ அழிஞ்சிடும்னு புள்ள சொன்னான். அதான்."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே லெட்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் நான் நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

மதியம் அக்காவும் நானும் பில்லுக்கு இன்னொரு காப்பி கேட்டுப் போன் கடைக்குப் போனோம். கறுத்த பில்லைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த மாசத்து பில்லு தானேங்க. பழச கேன்சல் பண்ணிட்டு கம்பெனி பேர்லயே போட்டுத் தரட்டுங்களா? ஜி.எஸ்.டி.யும் கெடைக்கும்" என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஜி.எஸ்.டி. நம்பர் போனிலேயே இருந்தது. எடுத்துக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அக்கா பின்பக்கக் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கவர் மாட்டுகிற மாதிரி போன் கிடையாது.

"கம்பெனிக்கே போட்டுக்கம்மா. உனக்கு தான் ஒதவும்" என்றார், திரும்பாமல்.

எவ்வளவு கிடைக்கும் என்று மனசு ஒரு தடவை கணக்குப் போட்டது. போடவில்லை என்று சொன்னால் பொய். பிறகு போனைப் பைக்குள் வைத்தேன்.

"கேன்சல் வேணாம். பழைய பில்லையே இன்னொரு காப்பி குடும்மா. நல்ல வெள்ளைத் தாள்ல, ரெண்டா" என்றேன். "பேரைச் சரிபார்த்துக்க. அக்கா, நீங்களே சொல்லுங்க."

அக்கா கவரை வைத்துவிட்டு வந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இனிஷியல் போடலயே. அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா? இன்னா எழுத்து?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"அதெல்லாம் வேணாம்மா. பேரு மட்டும் போடு. கொஞ்சம் பெருசா."