சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேலே திமிராக எகிறி நிற்கும் ஒரு பச்சை முள். எங்கள் டீம் லீடர் அக்காவை நினைத்தாலே எனக்கு அந்தத் திரைதான் கண்ணில் வரும். நாவலூரில் நாங்கள் நாலு பேர், சின்ன விமானங்களின் உள்விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மின்சாரத்தில் ஓடும் எதுவும் காதுக்குக் கேட்காத ஒரு இரைச்சலைக் கிளப்பும். அது விமானியின் ரேடியோவில் புகுந்தால், தரையிலிருந்து சொல்வது அவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் அந்தக் கோடு. முள் தாண்டினால் ஃபெயில். நாங்கள் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவதும் போனால் டீமையே கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அக்கா செங்கல்பட்டுப் பக்கம், நெல் போடும் வீட்டுப் பெண். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "கலைப்பாரா? கலைக்கட்டும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மூன்றாவது சோதனைக்குக் கிளம்பினார்.

சுவரெல்லாம் நீல நுரைக் கூம்புகள் ஒட்டிய இரும்பு அறை அது. சோதனைக்கூடத்து ஆட்கள் கதவைச் சாத்திப் பெட்டியை ஓட்டினார்கள். பாழாய்ப்போன முள் மறுபடியும் எகிறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களில் ஒருவன் மெதுவாக, "ஒயர்மேல கொஞ்சம் ஃபாயில் சுத்திடலாங்க்கா, எறங்கிடும்" என்றான். அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஏரோப்ளேன்லயும் நீயே போயி சுத்துவியா? இங்க இன்னா கீதோ, அதான்டா அங்கயும் பறக்கப்போவுது."

சொன்ன கையோடு மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பெட்டியின் காலிலும் மறுமுனையை, விமானத்தின் உடம்புக்குப் பதிலாக அங்கே வைத்திருக்கும் செப்புத் தகடு பதித்த மேசையிலும் வைத்தார். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்தால் 'பீப்' சத்தம் வரவேண்டும். வரவில்லை. பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினார். நாலு காலிலும் பளபளவென்று பெயின்ட்!

வரைபடத்தில் கால்களை வெறும் உலோகமாக விடச் சொல்லியிருந்தது. ஆனால் எங்கள் பெயின்டர் நெம்மேலிக்காரர். கடல் காற்று இரும்புக் கேட்டையே தின்றுவிடும் ஊரில் இருக்கும் மனுஷனுக்கு ஒரு இடத்தையும் பூசாமல் விட மனசு வரவில்லை. அந்தக் கால் வழியாக விமானத்தின் உடம்புக்குள் இறங்க வேண்டிய இரைச்சல், வழியில்லாமல் காற்றில் பறந்திருக்கிறது. நாங்களோ இரண்டு தடவையும் உள்ளே இருந்த சர்க்யூட்டையே குடைந்துகொண்டிருந்தோம். "பாசத்துல பூசிட்டாருடி!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

சோதனைக்கூட அதிகாரி வரைபடத்தைப் பார்த்து, பெயின்டை எடுக்கலாம் என்று தலையசைத்தார். உப்புத்தாளால் தேய்த்தோம், மறுபடி ஓட்டினோம். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே சமர்த்தாகப் படுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் சிரிக்காத அந்த அதிகாரி "பாஸ்" என்றார். அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார் பாருங்கள், முதல் நாள் முதல் காட்சி தோற்றது! டீம் கலையவில்லை. கால்களுக்குத் துருப்பிடிக்காத, ஆனால் மின்சாரத்தைத் தடுக்காத பூச்சு ஒன்றை அக்காவே தேடிப் பிடித்தார்.

இந்த வருஷம் அந்தப் பெட்டி பொருத்திய விமானத்தில் அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழே மாமல்லபுரத்துக் கரை வெள்ளைக் கோடாக ஓடியது. விமானி ஆளுக்கொரு ஹெட்செட் கொடுத்தார். விளக்கெல்லாம் எரிய, தரைக் கட்டுப்பாட்டு அறையின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. ஒரு கரகரப்புகூட இல்லை. கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பாக அக்கா என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"கேட்டியா? நம்ம பொட்டி இங்க கீதுன்னு எவனுக்குமே தெர்ல!"