பாட்டு கேட்காத ஆட்டம்

ரேஷன் கடை மேசையைத் தூக்கிவந்து அதன்மேல் அந்த டி.வி.யை வைத்திருந்தார்கள். வெயில் படாமலிருக்க மூன்று பக்கமும் அட்டை, மேலே சாக்கு. கரியமாணிக்கத்துக் காணும் பொங்கல் சடுகுடுவுக்கு அப்படியொரு ஏற்பாடு அதுவே முதல்தடவை. கல்யாண வீடியோ எடுக்கிற கடையிலிருந்து வேனில் வந்திறங்கியது. பக்கத்து பெஞ்சுமேல் நிற்கும் கேமராவில் விழுவதெல்லாம் அப்படியே அதில் தெரியும். பின்னால் நிற்பவனும் ஆட்டம் பார்க்கட்டும் என்று விழாக்குழுவுக்கு ஒரே பெருமை. எனக்கு மட்டும் ஏனோ அந்தப் பெட்டியைக் கண்டதுமே பிடிக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன்பே எல்லா முகமும் ஆடுகளத்தை விட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

என் சின்னண்ணன்தான் எங்கள் ஊருக்காக எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவன். சடுகுடுவை அதுவரை நாங்கள் பாதி காதால்தான் பார்த்துவந்தோம். மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு வருகிறவனை எதிராளிகள் பிடித்து அமுக்குவார்கள். பாட்டு நின்ற நொடியில் சுற்றி நிற்கும் ஊரே குரல் கொடுக்கும், நடுவர் விசில் ஊதுவார், மேலே கிடப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அண்ணன்மேல் ஆட்கள் விழும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்பேன். அவனோ சிரிப்பான். "பாட்டு நின்னா வுட்டுருவானுங்கடி. ஊரே காத தீட்டிக்கினு நிக்குது, எனக்கு இன்னா பயம்?" என்பான்.

அன்று நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அவனை மடக்கினார்கள். குப்புற விழுந்தான், முகம் மண்ணில், முதுகின்மேல் ஆட்கள். அந்த நேரம் பார்த்துக் கேமராக்காரர் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். டி.வி.யில் நாங்கள் தெரிந்தோம். ஊரே கூச்சலிட்டுக் கையாட்டியது. அம்மாவும் தன் முகத்தைக் கண்டுபிடித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெட்கமாகச் சிரித்தாள். அப்புறம்தான் சிரிப்பு அடங்கி என் கையைப் பிடித்தாள்.

"பாட்டு கேக்கலியேடி."

திரும்பினோம். அவர்கள் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விசிலுக்காகக் காத்திருந்தார்கள். விசில் நடுவர் வாயில் இருந்தது, கண் டி.வி.யில் இருந்தது. அந்த வேனிலேயே அண்ணனைப் போட்டுக்கொண்டு பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வில்லியனூர் வருவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. யாரைக் குறை சொல்வது? ஒருவரும் கெட்டவரில்லை. எனக்கு அந்தப் பெட்டிமேல்தான் இன்றைக்கும் ஆத்திரம்.

போன வருஷம் மகள் என்னைச் சென்னைக்குக் கபடி பார்க்கக் கூட்டிப்போனாள். வீட்டுச் சுவர் அளவுக்குத் திரை. அங்கே காதுக்கு வேலையே இல்லை. மேளமும் மைக்கும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன. ஒருவனை மடக்கி அமுக்கிய நேரத்தில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. திரையில் பிரம்மாண்டமாக என் முகம். "கையாட்டும்மா, நம்மதான்!" என்று மகள் குதித்தாள். நான் கீழே மைதானத்தைப் பார்த்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"பாட்டு கேக்கலியேடி" என்றேன்.

திரையில் என் வாய் பெரிதாக அசைந்தது. சுற்றிலும் எல்லோரும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.