சலீமின் இடது கால்

யாழ்ப்பாணம் போகும் உதைபந்தாட்ட அணிக்கு மன்னாரிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று, ஆள் தெரிவுசெய்யும் சுங்க அலுவலகத் துரை சொல்லியிருந்தார். நான் கோல் அடிப்பவன். சலீம் பின்வரிசையில் நிற்பவன். ஆனால் தலைமன்னார்ப் பக்கம் எல்லாரும் பேசியது அவனைப் பற்றித்தான். கரைவலையில் எந்தப் பக்கக் கயிற்றையும் இழுப்பவன். பந்தையும் அப்படியே எந்தக் காலாலும் அனுப்புவான். அவனுடைய அந்த இடது கால் ஒருநாளாவது பிசகாதா என்று நான் காத்திருந்தேன்.

துரை பார்க்க வந்த அன்று சோளகக் காற்று மணலை அள்ளி வீசியது. சலீம் காற்றைப் பார்த்துக் காலை மாற்றி மாற்றி நீளமாக அனுப்பினான். பந்து ஒவ்வொரு முறையும் என் வலது காலடியில் வந்து விழுந்தது. இரண்டு கோல் அடித்தேன். துரை என் கையைத்தான் குலுக்கினார்.

கிணற்றடியில் கால் கழுவும்போது கேட்டேன்: "ஏன்டா எல்லாத்தையும் வலது காலுக்கே தந்தனி?"

"உன்ர இடது கால் நிக்கத்தான் உதவும் மச்சான். துரைக்கு அது தெரிய வேணாமெண்டுதான்," என்று சிரித்தான்.

அந்தக் குறையை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவன் பின்னால் நின்றே பார்த்திருக்கிறான்.

யாழ்ப்பாணத்தில் என் இடது காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவன் சலீம் இல்லை. அதுவரை அவன் கால்களைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது, இடத்தை எனக்கு விட்டுத் தந்துவிட்டு அவன் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்துப் பொறாமைப்படுகிறேன்.